போக்கர் ஃப்ளாட்டிலிருந்து இரண்டாம் முறை விரட்டப்பட்டவர்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இளங்கலை ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

நீங்கள் பரிந்துரைத்திருக்கும் சிறுகதைத் தொகுப்பில் அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட்டின் பெயரில் அச்சாகியிருக்கும் 'போக்கர் ஃப்ளாட்டிலிருந்து விரட்டப்பட்டவர்கள்' (The Outcasts of Poker Flat) கதை, பிரெட் ஹார்ட் எழுதிய கதை இல்லை. துறைத்தலைவர் வழியாக இதைக் கடிதமாக எழுதினேன். பதில் வரவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன். 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி வந்தது. இதற்கிடையே அந்தக் கதையிலிருந்து கேள்வி கேட்டு, பருவத்தேர்வு நடத்தி, மதிப்பெண்ணும் போட்டாகிவிட்டது. இனியும் அலுவலக வழியிலேயே காத்திருப்பது என் மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பதால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

கதையை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும், எதை வெட்டினீர்கள் என்பது இந்த மடலைப் படிப்பவர்களுக்கும் தெரியவேண்டும். 1850 நவம்பர் 23ஆம் தேதி காலை. கலிபோர்னியாவில் தங்கம் தோண்ட வந்தவர்கள் கூடாரமடித்து உருவாக்கிய ஊர் போக்கர் ஃப்ளாட். அந்த ஊரில் சில ஆயிரம் டாலர் களவு போயிருக்கிறது. இரண்டு நல்ல குதிரைகளைக் காணவில்லை. ஒரு முக்கியப் புள்ளியும் இறந்துபோயிருக்கிறார். ஊருக்குத் திடீரென ஒழுக்கம் நினைவுக்கு வருகிறது. ரகசியக் குழு ஒன்று கூடி, ஊரைச் சுத்தப்படுத்தத் தீர்மானிக்கிறது. இரண்டு பேரை மரத்தில் தொங்கவிட்டாகிவிட்டது. மிச்சமிருப்பவர்களை விரட்டுகிறார்கள்: சூதாடி ஜான் ஓக்ஹர்ஸ்ட், குடிகாரனும் திருடனுமான அங்கிள் பில்லி, உடலை விற்றுப் பிழைக்கும் இரண்டு பெண்கள். இளையவளை ஊர் 'டச்சஸ்' என்கிறது. மூத்தவளுக்குப் பெயர் 'மதர் ஷிப்டன்'. ஓக்ஹர்ஸ்டையும் தூக்கில் போட்டுவிட்டு, அவனிடம் தோற்ற பணத்தை அவன் பையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று குழுவிலேயே சிலர் சொல்லிப்பார்த்தார்கள் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார் ஹார்ட். அந்த ஒழுக்கத்தின் தரத்தைக் காட்ட அந்த ஒரு வரி போதும்.

நீங்கள் கொடுத்திருக்கும் பாடத்தில் அந்த வரி இல்லை. டச்சஸும் மதர் ஷிப்டனும் 'ஆதரவற்ற இரு விதவைகள்' ஆகிவிட்டார்கள். 'மதர்' போய் 'மிஸஸ் ஷிப்டன்' வந்திருக்கிறார். மலையில் பனியில் சிக்கி, கடைசியில் எல்லோரும் 'குளிரில் இறந்துபோனார்கள்' என்று ஒரே வாக்கியத்தில் கதை முடிகிறது. சுருக்கப்பட்டது, திருத்தப்பட்டது என்ற குறிப்பு பக்கத்தின் மேலும் இல்லை, கீழும் இல்லை. தலைப்புக்குக் கீழே ஆசிரியர் பெயர் மட்டும் இருக்கிறது.

வகுப்பில் இதை நடத்தியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவி கேட்டாள்: "மேடம், விதவைகள் என்பதற்காகவா அவர்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள்? அமெரிக்காவிலும் அப்படி ஒரு வழக்கம் இருந்ததா?" அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் பாடத்தைப் படிக்கும் எந்தப் பிள்ளையும் அங்கேதான் போய் நிற்கும். ஒரு நாட்டின் வரலாற்றில் இல்லாத கொடுமை ஒன்றை நீங்கள் உண்டாக்கிவிட்டு, இருந்த கொடுமையை மறைத்துவிட்டீர்கள்.

ஹார்ட்டின் மூலக்கதை பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோனது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்து, நகலெடுத்து, வகுப்பில் கொடுத்தேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கு எளிதில்லை. ஆனால் மதர் ஷிப்டன் இறக்கும் பக்கத்துக்கு அகராதி தேவைப்படவில்லை. உணவு தீர்ந்துகொண்டே வருகிறது. கூட்டத்திலேயே உடல்வலு மிக்கவள் அவள்தான், ஆனால் அவள்தான் முதலில் மெலிந்து படுக்கிறாள். பத்தாம் நாள் நள்ளிரவில் ஓக்ஹர்ஸ்டை அருகில் அழைத்து, தலைமாட்டில் இருக்கும் மூட்டையைப் பிரிக்கச் சொல்கிறாள். ஒரு வாரமாகத் தனக்குக் கொடுத்த பங்கு உணவு தொடப்படாமல் அதில் இருக்கிறது. வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்ட பைனி என்ற சின்னப்பெண்ணுக்குக் கொடுத்துவிடு என்கிறாள். நீ பட்டினி கிடந்திருக்கிறாய் என்கிறான் அவன். அப்படித்தான் சொல்வார்கள் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து உயிரை விடுகிறாள். அவ்வளவுதான். ஹார்ட் அழவைக்க முயலவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்வரிசைப் பையன் ஒருவன், எங்கள் தெருவிலும் யாரும் பேசக்கூடாது என்று சொல்லி ஒதுக்கி வைத்த ஓர் அம்மா இருந்தார், ஊரடங்குக் காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் அரிசிப் பை வைத்தவர் அவர்தான் என்றான். பேராசிரியர்களே, இந்தக் கதை எதற்காகப் பாடமாக வைக்கப்படுகிறதோ அது அங்கே நடந்துவிட்டது. உங்கள் 'மிஸஸ் ஷிப்டன்' எந்த வகுப்பிலும் அதைச் செய்யமாட்டார். ஊர் மதிக்கும் ஒரு பெண்மணி பட்டினி கிடந்து குழந்தைக்கு உணவு கொடுத்தால் அது நல்ல செய்தி. ஊர் காறித் துப்பிய ஒருத்தி, போகும் வழியெல்லாம் போக்கர் ஃப்ளாட்டைச் சபித்துக்கொண்டே போனவள், அதைச் செய்தால்தான் கதை.

முடிவைச் சிதைத்தது இதைவிடப் பெரிய குற்றம். மூலத்தில் மீட்புக்கு வந்தவர்கள் குடிசைக்குள் பார்ப்பது, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து உறைந்துபோன இரண்டு பெண்களை. ஒருத்தி தன் காதலனோடு ஓடிவந்த கபடமற்ற சிறுமி பைனி. மற்றவள் டச்சஸ். இரு முகங்களிலும் ஒரே அமைதி. இவர்களில் யார் பாவம் செய்தவள் என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போக்கர் ஃப்ளாட்டின் சட்டமே அதை ஒப்புக்கொண்டு, அவர்களை அப்படியே விட்டுவிட்டு விலகிப்போகிறது. கதை முழுக்க இந்த இடத்துக்காகத்தான் நடந்து வந்திருக்கிறது. டச்சஸை விதவையாக்கிய பிறகு இந்த வரிக்குப் பொருளே கிடையாது. அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அதையும் எடுத்துவிட்டீர்கள். ஒன்றை மறைக்கப் போய், கதையின் மையத்தையே பிடுங்க வேண்டியதாயிற்று.

ஓக்ஹர்ஸ்டின் சாவு தற்கொலை என்பதால் நீக்கினோம் என்று தொகுப்புப் பணியில் இருந்த ஒருவர் என்னிடம் வாய்மொழியாகச் சொன்னார். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற அந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். வகுப்பறையில் நிற்பவள் நான். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஹார்ட் அவனை வீரனாக்கவில்லை. மரத்தில் கத்தியால் குத்திவைத்த கிளாவர் இரண்டு சீட்டில் அவன் தனக்கே எழுதிய கல்லறை வாசகத்தைக் காட்டிவிட்டு, ஒதுக்கப்பட்டவர்களிலேயே மிக வலிமையானவனும் மிகப் பலவீனமானவனும் அவன்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். ஆசிரியர் பேசித் தெளிவாக்க வேண்டிய இடம் அது. பேச முடியாது என்று குழு கருதினால் வேறு கதையை வைத்திருக்கலாம். அவரே எழுதியவை எத்தனையோ இருக்கின்றன. அவர் எழுதாத ஒன்றை அவர் பெயரில் வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இப்போது ஆசிரியர் குறிப்புக்கு வருகிறேன். மூன்று வரி. 'அமெரிக்க மேற்கின் கௌபாய் வாழ்க்கையை எழுதியவர். சீனர்களைப் பற்றிய நகைச்சுவைக் கவிதைக்காகப் புகழ்பெற்றவர். பிற்காலத்தில் ஐரோப்பாவில் தூதராக இருந்தார்.' முதலாவது தவறு. அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த கதைகளில் வருபவர்கள் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களும் சூதாடிகளும் குதிரைவண்டி ஓட்டுபவர்களும் பள்ளி ஆசிரியைகளும். இரண்டாவது அவருக்கு இழைக்கும் அவமதிப்பு. மூன்றாவது அரைகுறை.

அவர் 1836இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். தந்தை ஆசிரியர், மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். பதின்மூன்று வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 1854இல், பதினேழு வயதில், கலிபோர்னியாவுக்கு வந்தார். சுரங்க ஊர்களில் கொஞ்ச நாள் சுற்றினார், பாடம் சொல்லிக்கொடுத்தார், வடகோடியில் ஹம்போல்ட் விரிகுடாக் கரையில் இருந்த யூனியன் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். இன்று அந்த ஊரின் பெயர் ஆர்கேட்டா. அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் அச்சுக்கோக்கத் தொடங்கி, உதவி ஆசிரியரானார்.

1860 பிப்ரவரி 26 விடியற்காலையில் வெள்ளையர் கும்பல் ஒன்று கோடரிகளோடும் கத்திகளோடும் விரிகுடாவில் இருந்த தீவுக்குப் படகில் போனது. அங்கே வியோட் பழங்குடியினர் தங்கள் உலகப் புதுப்பிப்புச் சடங்குக்காகக் கூடியிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களை வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பத்திரிகை உரிமையாளர் ஊரில் இல்லை. பொறுப்பில் இருந்தவர் இருபத்துமூன்று வயது ஹார்ட். சுற்றியிருந்த வெள்ளையர் பலர் அந்தக் கொலையை நியாயப்படுத்தினார்கள், அல்லது வாயை மூடிக்கொண்டார்கள். அவர் எழுதினார். பெண்களும் குழந்தைகளும் கசாப்பு செய்யப்பட்டார்கள் என்று தலைப்பிட்டார். யூனியன் துறைக்குக் கொண்டுவரப்பட்ட உடல்களைப் பற்றி, கிழவிகளின் நரைத்த தலைமுடி இரத்தத்தில் தோய்ந்து கிடந்ததைப் பற்றி, கோடரியால் பிளக்கப்பட்ட பச்சைக் குழந்தைகளின் முகங்களைப் பற்றி, எதையும் மென்மைப்படுத்தாமல் எழுதினார். ஊர் கொதித்தது. மிரட்டல் வந்தது. அடுத்த மாதமே அவர் அந்த ஊரைவிட்டு வெளியேறி சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேறினார். கொலைகாரர்கள் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்தத் தீவை யூரேகா நகராட்சி வியோட் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 2019இல்.

ஊர் ஒன்று சேர்ந்து ஒருவனை வெளியே தள்ளுவது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர், ஒன்பது ஆண்டுகள் கழித்து எழுதிய கதைதான் போக்கர் ஃப்ளாட். இந்தத் தொடர்பை நான் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உங்கள் மூன்று வரிக் குறிப்பில் இதற்கு இடமில்லாமல் போனது ஏன்?

இன்னொன்றையும் நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். 1868இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'ஓவர்லேண்ட் மன்த்லி' மாத இதழுக்கு ஹார்ட் ஆசிரியர். இரண்டாவது இதழுக்காக 'ரோரிங் கேம்ப்பின் அதிர்ஷ்டம்' எழுதினார். சுரங்கக் கூடாரங்களில் இருந்த ஒரே பெண், ஒரு விலைமாது, குழந்தை பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். நூறு முரட்டு ஆண்கள் அந்தக் குழந்தையைக் கழுதைப்பால் கொடுத்து வளர்க்கிறார்கள். குழந்தையைப் பார்க்க வரிசையில் வருபவர்கள் தொப்பியில் போடும் மொய்யில் வெள்ளிப் புகையிலை டப்பா இருக்கிறது, கைத்துப்பாக்கி இருக்கிறது, பைபிள் இருக்கிறது, ஒரு பெண்ணின் பூவேலை செய்த கைக்குட்டைகூட இருக்கிறது. அந்தக் கதையின் மெய்ப்பு, அதாவது பிழைதிருத்துவதற்கான அச்சுப்படி, அச்சகத்திலிருந்து ஆசிரியரிடம் வராமல் நேரே பதிப்பாளரிடம் போனது. மெய்ப்புப் பார்த்த இளம்பெண்ணை மேலே படிக்கவைப்பதே பெரும்பாடாகிவிட்டது, கதை அநாகரிகமானது, மதவிரோதமானது என்று அச்சகக்காரர் சொல்லியனுப்பினார். ஹார்ட் அசையவில்லை. ஒன்று கதை எழுதியபடியே வரவேண்டும், இல்லையென்றால் தான் ஆசிரியர் நாற்காலியில் இருக்கமாட்டேன் என்றார். இதை அவரே பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். கதை எழுதியபடியே வந்தது. உள்ளூரில் முகம் சுளித்தார்கள். கிழக்கே பாஸ்டனிலிருந்து 'அட்லாண்டிக் மன்த்லி' இதேபோல் கதை வேண்டும் என்று எழுதிக் கேட்டது. கடல் கடந்து ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் இந்தக் கதைகளைப் படித்துவிட்டு, தன் பத்திரிகைக்கு எழுதும்படி அழைத்துக் கடிதம் போட்டார். அந்தக் கடிதம் ஹார்ட் கைக்கு வருவதற்குள் டிக்கன்ஸ் இறந்துவிட்டிருந்தார். வேலையைப் பணயம் வைத்து அவர் காப்பாற்றிய அதே விஷயத்தை, நூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு பல்கலைக்கழகக் குழு சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறது. போக்கர் ஃப்ளாட்டின் ரகசியக் குழு அந்தப் பெண்களை ஊரைவிட்டு விரட்டியது. நீங்கள் கதையைவிட்டே விரட்டியிருக்கிறீர்கள்.

'சீனர்களைப் பற்றிய நகைச்சுவைக் கவிதை' என்பதை யார் எழுதினாரோ, அந்தக் கவிதையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. 1870 செப்டம்பரில் வெளிவந்தது. ஆ சின் என்ற சீனனை ஏமாற்றலாம் என்று இரண்டு வெள்ளையர்கள் சீட்டாட உட்காருகிறார்கள். அவர்களில் பில் நை என்பவன் சட்டைக் கைக்குள் சீட்டுகளைச் செருகி வைத்திருக்கிறான். சீனனும் அதையே செய்கிறான், இன்னும் திறமையாக. உடனே பில் நைக்குத் தர்மாவேசம் வந்துவிடுகிறது. மலிவான சீன உழைப்பு நம்மை அழித்துவிட்டது என்று கத்திக்கொண்டு பாய்கிறான். ஹார்ட் குத்திக்காட்டியது இந்த வெள்ளைக் கபடத்தை. ஆனால் சீனர்களை வெறுத்தவர்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். நாடெங்கும் அச்சிட்டுப் பரப்பினார்கள். அவருக்கே அந்தக் கவிதை பிடிக்காமல் போனது. 1874இல் 'வான் லீ' என்ற கதையை எழுதினார். சான் பிரான்சிஸ்கோ தெருவில் ஒரு சீனச் சிறுவனைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். கொல்பவர்கள் விடலைப் பையன்களும் கிறிஸ்தவப் பள்ளிப் பிள்ளைகளும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். இந்தக் கதை வந்த எட்டாவது ஆண்டில், 1882இல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. அப்படிப்பட்ட காலத்தில் எழுதியவரை சீனர்களைக் கேலிசெய்து பேர்வாங்கியவராகப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது அநீதி.

அவரைப் புனிதராக்கிக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. 1871இல் அட்லாண்டிக் இதழ் ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் மலைக்கவைக்கும் தொகை. அவர் எழுதிக்கொடுத்தது அந்தத் தொகைக்கு ஈடாக இல்லை, ஒப்பந்தம் நீளவில்லை. கடன் சேர்ந்தது. 1878இல் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துக்கும், பிறகு கிளாஸ்கோவுக்கும் அமெரிக்கத் துணைத் தூதுவராகப் போனார். 1885இல் பதவி போனது. மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுச்சென்றவர் பணம் அனுப்பினாரே தவிர, அமெரிக்காவுக்குத் திரும்பவே இல்லை. லண்டனில் உட்கார்ந்து அதே சுரங்க ஊர்களைத் திரும்பத் திரும்ப எழுதினார். ஒளி மங்கிய கதைகள் அவற்றில் நிறைய. 1902இல் தொண்டைப் புற்றுநோயால் இங்கிலாந்தின் கேம்பர்லியில் இறந்தார். எழுதக் கற்றுக்கொடுத்து என்னைச் செதுக்கியவர் என்று ஒருகாலத்தில் நன்றியோடு எழுதிய மார்க் ட்வைனே பிற்காலத்தில் அவரைக் கடுமையாகத் தூற்றினார். இதையெல்லாம் மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும். குறைகளோடு ஒரு மனிதரைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அவர்களுக்கு உண்டு.

கடைசியாக, என்னை இந்த மடலை எழுதவைத்த காரணம். மூலக்கதையை ஆர்வத்தோடு படித்த மாணவி ஒருத்தி தேர்வில் 'போக்கர் ஃப்ளாட் ஏன் அவர்களை வெளியேற்றியது?' என்ற கேள்விக்கு மூலத்தை வைத்து விடை எழுதினாள். டச்சஸ் யார், மதர் ஷிப்டன் யார், ஊரின் போலி ஒழுக்கம் எத்தகையது என்று இரண்டு பக்கம். பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். 'விலைமாது' என்ற இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு. ஓரத்தில் 'பாடத்தில் இல்லை' என்று எழுதி, அந்த விடைக்குச் சுழியம். உண்மையான கதையைப் படித்ததற்காக ஒரு மாணவி தண்டிக்கப்பட்டிருக்கிறாள். அவள் தந்தை கட்டட வேலை செய்பவர். நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் கட்டிய பணம் அந்த வீட்டுக்குச் சிறிய தொகை இல்லை.

எனவே குழுவிடம் நான் கேட்பவை இவை. வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் சிதைக்கப்பட்ட பாடத்தைத் திரும்பப் பெற்று, 1869 ஜனவரியில் வெளியான கதையை முழுமையாகச் சேருங்கள். அதற்குப் பதிப்புரிமைத் தொகை ஒரு பைசாகூடத் தேவையில்லை. சேர்க்க மனமில்லையென்றால் ஹார்ட்டின் வேறொரு கதையை முழுமையாக வையுங்கள். தொகுப்பிலுள்ள மற்றக் கதைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் கைவைக்கப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் அதை அந்தந்தப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஆசிரியர் குறிப்பைத் திருத்துங்கள். 1860 படுகொலையைப் பற்றி அவர் எழுதியதும், அதற்காக ஊரைவிட்டுப் போகநேர்ந்ததும் அதில் இடம்பெறவேண்டும். மூலத்தை வைத்து எழுதப்படும் விடைகளை ஏற்கவேண்டும் என்று மதிப்பீட்டாளர்களுக்கு எழுத்துப்பூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அந்த மாணவியின் விடைத்தாளை வேறொரு மதிப்பீட்டாளரிடம் கொடுத்து மீண்டும் திருத்தச் செய்து, அவள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். யார் பரிந்துரையில், எந்தக் கூட்டத்தில் இந்த வெட்டு முடிவானது என்பதை வெளியிடுங்கள்.

மூலக்கதையின் முழுப் பிரதியையும், உங்கள் பாடத்தில் விடுபட்ட பத்திகளைக் குறித்த பட்டியலையும், மாணவியின் அனுமதியோடு விடைத்தாள் நகலையும் குழுச் செயலருக்குப் பதிவஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எடுத்த முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். நேரில் அழைத்தால் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாடத்திட்டத்தை வகுப்பறையில் நடத்தும் ஆங்கிலத்துறை ஆசிரியை